ஆயுதத்தை வாங்கி வைத்த காவலர்கள்

1993 மார்ச். கிழக்கு போஸ்னியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஸ்ரெப்ரெனிட்சாவைச் செர்பியப் படைகள் வளைத்திருந்தன. ஊருக்குள் வந்த ஐ.நா. தளபதி பிலிப் மொரியோனைப் பெண்கள் திரும்பிப் போகவிடாமல் மறித்துக்கொண்டார்கள். உங்களைக் கைவிட மாட்டேன் என்று அந்தப் பிரெஞ்சு ஜெனரல் வாக்குக் கொடுத்தார். ஏப்ரல் 16 அன்று பாதுகாப்பு சபை அந்த ஊரைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது.

அறிவிப்புக்குச் செலவில்லை. இதுபோன்ற ஆறு ஊர்களைக் காக்க இன்னும் 34,000 வீரர்கள் வேண்டும் என்று ஐ.நா. தலைமை கேட்டது, சபை சம்மதித்தது 7,600 பேருக்கு.

1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் காவல் இருந்தவர்கள் சுமார் 400 நெதர்லாந்து வீரர்கள். கையில் இலகுரக ஆயுதங்கள்தான். இதைவிடக் கொடுமை, காவலுக்கு நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லி ஊர்க்காரர்களின் ஆயுதங்களில் ஒரு பகுதியை ஐ.நா. 1993-லேயே வாங்கி வைத்திருந்தது. ஜூலை 6-ல் தாக்குதல் தொடங்கியதும் அவற்றைத் திருப்பிக் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

விமானத் தாக்குதல் கேட்டுப் போன கோரிக்கைகள் மேலிடத்தில் நாள்கணக்கில் இழுபட்டன. 11-ம் தேதி பிற்பகல் ஒருவழியாக விமானங்கள் வந்து குண்டு வீசின. பிடிபட்ட நெதர்லாந்து வீரர்களைக் கொன்றுவிடுவேன் என்று செர்பியத் தளபதி ராட்கோ ம்லாடிச் மிரட்டியதும், அதுவும் நின்றது. அன்றிரவு பக்கத்து ஊர் ஹோட்டலில் ம்லாடிச்சும் நெதர்லாந்துத் தளபதி காரெமன்ஸும் கோப்பையுடன் நிற்கும் காட்சி வீடியோவில் பதிவானது. ம்லாடிச்சே அழைத்து வந்திருந்த கேமரா அது!

ஸ்ரெப்ரெனிட்சாவை அடுத்த பொட்டொச்சாரியில் பழைய பேட்டரி தொழிற்சாலைதான் ஐ.நா. முகாம். சுமார் 25,000 பேர் அங்கே ஓடிவந்தார்கள். நெதர்லாந்து வீரர்களின் கண்ணெதிரே செர்பியப் படையினர் ஆண்களைத் தனியே பிரித்தார்கள். முகாமுக்குள் இடம் கிடைத்திருந்தவர்களும் 13-ம் தேதி வெளியே அனுப்பப்பட்டார்கள். சில நாட்களில் கொல்லப்பட்ட ஆண்களும் சிறுவர்களும் 8,000-க்கும் மேல்.

ஐ.நா.வின் மனித உரிமை அறிக்கையாளரான போலந்து முன்னாள் பிரதமர் மசோவியெட்ஸ்கி அந்த மாதமே பதவியை உதறினார். நெதர்லாந்தின் விம் கோக் அரசு விலக 2002 ஆனது. 34,000-ஐ 7,600 ஆக்கிய மற்ற தலைநகரங்களில் பதில் சொல்ல ஆளே இல்லை.

கொல்லப்பட்டவர்களின் தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். முகாமுக்குள் இருந்த 350 ஆண்களை அனுப்பாமல் வைத்திருந்தாலும் அவர்கள் பிழைக்க 10 சதவீத வாய்ப்பே இருந்தது என்று கணக்கிட்ட நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், அரசின் பொறுப்பும் 10 சதவீதம்தான் என்று 2019-ல் தீர்ப்பளித்தது.