இணைய விமானப் பாவனையில் வானிலை: ஆரல்வாய்மொழிக் காற்றும் திருவனந்தபுரம் ஓடுதளமும்

ஃபிளைட் சிமுலேட்டர் என்பது கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் பாவனை மென்பொருள். இதில் வானிலையைப் பயனரே அமைத்துக்கொள்ளலாம். தனியாகப் பறக்கும்போது இது நல்ல பயிற்சி. கட்டுப்பாட்டாளர்களுடன் இணையத்தில் பறக்கும்போது சிக்கலாகிறது. இதற்குக் கன்னியாகுமரி மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு.

வரலாறு

புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய பாவனை மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 1982-இல் வெளியிட்டது. அதில் ஓட்டுபவர் ஒருவரே; காற்றையும் மேகத்தையும் அவரே அமைத்தார். 1990களின் பிற்பகுதியில் சாட்கோ என்ற இணைய வலையமைப்பு தோன்றியது. ஆர்வலர்கள் சிலர் விமானிகளாகவும், சிலர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாகவும் அதில் இணைந்தனர். அதிலிருந்து 1998-இல் ஐ.வி.ஏ.ஓ, 2001-இல் வாட்சிம் ஆகிய அமைப்புகள் உருவாயின.

பலர் ஒரே வானில் பறக்கப் பொது வானிலை ஒன்று தேவைப்பட்டது. மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கை அதற்கு அடிப்படையானது. உண்மையான விமானிகளுக்காக 1968-இல் உலக அளவில் நடைமுறைக்கு வந்த வடிவம் இது.

ஓடுதளமும் உயரமும்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அருகில் உள்ளது திருவனந்தபுரம். அங்குள்ள ஒரே ஓடுதளத்தின் முனைகள் 14, 32 என்ற எண்களால் அறியப்படுகின்றன. விமானம் காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். மேற்கு, வடமேற்குக் காற்று வீசினால் கட்டுப்பாட்டாளர் 32-ஐத் தருவார். விமானங்கள் நாகர்கோவில் திசையிலிருந்து வந்து இறங்கும். ஒருவர் மட்டும் தம் கணினியில் தென்கிழக்குக் காற்றை அமைத்திருந்தால், அவருக்கு 14-தான் சரியாகத் தோன்றும். அவர் அதைப் பின்பற்றினால் இரு விமானங்கள் எதிரெதிரே வரும்.

காற்றழுத்தமும் முக்கியமானது. கட்டுப்பாட்டாளர் 1008 மில்லிபார் என்று சொல்லி, விமானியின் கணினியில் 1013 இருந்தால், உயரமானி காட்டுவதைவிட விமானம் ஏறக்குறைய 150 அடி மேலே பறக்கும்.

பொது அறிக்கையின் எல்லை

மெட்டார் விமான நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே சொல்லும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. திருவனந்தபுரம் அறிக்கையில் அது இடம்பெறாது. அந்தக் காற்றில் பழகவோ, 2017 நவம்பர் 30 அன்று குமரியைத் தாக்கிய ஓகிப் புயலை மீட்டமைத்துப் பார்க்கவோ விரும்புபவர் வானிலையைத் தாமே அமைக்கத்தான் வேண்டும். அதற்குரிய இடம் இணைப்பில்லாத தனிப் பயிற்சி.

2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் மீட்டியோபுளூ நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு நிகழ்நேர வானிலையைத் தந்தது. எனினும் கட்டுப்பாட்டாளருடன் பறப்பவருக்குப் பழைய விதியே பொருந்தும்: கட்டுப்பாட்டாளர் சொல்லும் காற்றும் அழுத்தமும் தம் திரையில் உள்ளவையும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும், வேறுபட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.