அலையிடம் தோற்ற அசுரன்

இன்னைக்குக் கப்பல்னும் சொல்ல முடியாத, விமானம்னும் சொல்ல முடியாத ஒரு வண்டியோட கதை.

எங்க கடம்பூர் கரிசல் பூமி. நல்ல மழை பெஞ்சு கண்மாய் பெருகினாத்தான் கூழைக்கடா வரும். தண்ணிக்குக் கொஞ்சம் மேலே, இறக்கையை அடிக்காம விரிச்சபடியே வெகுதூரம் போகும். பறக்கும்போது இறக்கை நுனியில, கீழ இருக்குற காத்து சுழன்று மேலே ஏறி, பறவையைப் பின்னால இழுக்கும். தண்ணி ரொம்பக் கிட்ட இருந்தா அந்தச் சுழல் முழுசா உருவாக இடமில்ல. இழுவை குறையும்.

இதை வச்சு ஒரு பூதத்தையே செஞ்சவர் ரஸ்திஸ்லாவ் அலெக்சேயெவ். வோல்கா கரையில, கார்க்கி நகரத்துல கப்பல் கட்டினவர். 1966-ல அவரோட கே.எம். காஸ்பியன் கடல்மேல பறந்துச்சு. 92 மீட்டர் நீளம், பத்து ஜெட் என்ஜின், ஏத்தின எடை 544 டன் வரைக்கும். செயற்கைக்கோள் படத்துல அதைப் பாத்த அமெரிக்க உளவுத்துறை மிரண்டுபோய், ‘காஸ்பியன் அசுரன்’னு பேரு வச்சுட்டாங்க. உண்மையில கே.எம்.னா ‘மாதிரிக் கப்பல்’, அவ்வளவுதான்!

அடுத்து வந்த ஓர்ல்யோனக் சோதனையில அடிபட்டு, பின்பகுதியே உடைஞ்சு போச்சு. உள்ளே இருந்த அலெக்சேயெவ் தானே விசையைப் பிடிச்சு, மிச்சத்தைக் கரை சேர்த்தார். மாலை போட்டு வரவேற்கணும். பதவியிறக்கம்தான் கிடைச்சுது. 1980 பிப்ரவரியில இறந்துட்டார். அதே வருஷக் கடைசியில கே.எம்.மும் விபத்துல சிக்கி மூழ்கிப்போச்சு.

அரசியல் ஒருபக்கம் இருக்கட்டும். இந்த வண்டிக்குப் பெரிய எதிரி அலை. தாழப் பறந்தாத்தான் லாபம். தாழப் பறந்தா அலை தட்டும். அமைதியான கடல்லயே ஓட்டலாம்.

இப்போ நம்ம ஊர்ச் சேதி. சென்னை ஐ.ஐ.டி. ஆதரவுல வளர்ற வாட்டர்ஃப்ளை நிறுவனம், இதே வகை வண்டியை 2025 பிப்ரவரியில பெங்களூரு ஏரோ இந்தியாவுல அறிமுகப்படுத்துச்சு. கொல்கத்தாவுலேர்ந்து சென்னைக்கு மூணு மணி நேரம், 600 ரூபாய்னு சொன்னாங்க. தண்ணிக்கு மேல சுமார் நாலு மீட்டர் உயரத்துல போகுமாம். எல்லாரும் அந்த 600 ரூபாயைத்தான் பேசினாங்க. எனக்குக் கண்ணு அந்த நாலு மீட்டர்மேலதான். காஸ்பியன் நாலாபக்கமும் நிலம் சூழ்ந்தது. வங்கக் கடல் அப்படியில்ல. ஐப்பசி, கார்த்திகையில அங்க அலை எவ்வளவு எழும்புதுன்னு காசிமேட்டு மீனவர் எவரையாவது கேட்டுப் பாருங்க.