மட்டிக்குள் நஞ்சு வந்த கதை

வந்தவாசியிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே போனால், கல்பாக்கத்துக்குத் தெற்கில் வயலூர். பாலாறு கடலில் சேரும் இடம். முகத்துவாரச் சேற்றைத் துழாவி மட்டி பொறுக்கி வந்து குழம்பு வைப்பது கரையோர ஏழைகளுக்குப் பழகிய சாப்பாடு. 1981-இல் அங்கே மட்டி தின்றவர்களில் 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

இப்படி நடந்தால் ஊர் முதலில் சமைத்தவளைத்தான் பார்க்கும். கெட்டுப்போனதை ஆக்கினாயா, சரியாக வேகவைத்தாயா என்று கேட்கும். இந்த நஞ்சில் அந்தப் பழி பெரும் அநியாயம். உயிரோடு பிடித்த மட்டியிலும் இது இருக்கும். எவ்வளவு கொதித்தாலும் போகாது. நிறமோ நாற்றமோ காட்டிக்கொடுக்காது.

அப்படியானால் எங்கிருந்து வருகிறது? 1927-இல் சான்பிரான்சிஸ்கோ அருகே கடல் ஆளி தின்ற 102 பேர் நோயுற்றார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஹெர்மன் சோமர், கார்ல் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் பத்தாண்டு துருவினார்கள். ஆளிக்குள் தேடியதோடு நிற்காமல், அது குடித்த கடல்நீரையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விடை அந்தத் தண்ணீரில் இருந்தது: கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி. கடலில் அது பெருகும் நாட்களில் நஞ்சும் பெருகியது. 1937-இல் அதை எழுதி வெளியிட்டார்கள்.

மட்டியும் ஆளியும் நீரை வடிகட்டி இரை தேடுபவை. நாள் முழுக்க வடிகட்டும்போது அந்த உயிரிகளும் உள்ளே போகின்றன. நஞ்சு சதையில் சேர்கிறது. மட்டி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. நமக்கோ அது நரம்புகளில் சோடியம் நுழையும் வாயிலை அடைத்துவிடுகிறது. முதலில் உதடு, பிறகு விரல்நுனி மரத்துப்போகும். முற்றினால் மூச்சை இழுக்கும் தசைகளே நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து, நஞ்சு சிறுநீரில் வெளியேறும்வரை காத்தால் பிழைக்கலாம்.

100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராம் என்பது பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை. ஆனால் சேற்றில் பொறுக்கிய மட்டி ஆய்வகத்தைப் பார்க்காமலே அடுப்புக்குப் போகிறது. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் ஆளி தின்று ஏழு பேர் இறந்தார்கள். கரையோர நீரைத் தவறாமல் சோதித்து, ஆபத்தான நாட்களில் ஊருக்குள் தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டியது அரசின் கடமை.

மட்டி தின்றபின் உதடு மதமதத்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். மீதியை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.