வலையமைப்பு இன்டர்காம்

வீடுகள், வாட்ச்மேன் அறை, லிஃப்ட் ஆகியவற்றைக் கணினி வலையமைப்பின் வழியே பேச்சால் இணைக்கும் உள்தொடர்பு அமைப்பு. மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் சொசைட்டிகளைப் போலப் பல விங்குகள் கொண்ட வளாகங்களுக்கும், தாராவியின் குடிசை மறுவாழ்வு அடுக்ககங்களுக்கும் ஏற்றது.

அமைப்பு: அழைப்பைத் தொடங்குவதும் முடிப்பதும் 'சிப்' நெறிமுறையின் வேலை. அதன் இன்றைய அடிப்படை வடிவம் 2002இல் வெளியானது. 1999இல் மார்க் ஸ்பென்சர் உருவாக்கிய 'ஆஸ்டரிஸ்க்' என்னும் திறமூல மென்பொருள் ஒரு சாதாரணக் கணினியையே இணைப்பகமாக்குகிறது. கேட்வே கருவி இருந்தால் பழைய தொலைபேசிகளையும் பயன்படுத்தலாம். ஈதர்நெட் செப்புக் கம்பி ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. விங்குகளுக்கு இடையே தூரம் அதிகமென்றால் ஒளியிழை வேண்டும்.

கட்டளைகள்: ஆஸ்டரிஸ்க்கில் எண்களையும் அழைப்பு விதிகளையும் உரைக்கோப்புகளில் எழுதுவர். 'பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்' கட்டளை கருவிகளின் நிலையைக் காட்டும். 'டயல்பிளான் ரீலோட்' நடக்கும் பேச்சைத் துண்டிக்காமல் புதிய விதிகளை ஏற்றும். 'கோர் ரீஸ்டார்ட் கிரேஸ்ஃபுல்லி' எல்லா அழைப்புகளும் முடிந்தபின் மென்பொருளை மறுதொடக்கம் செய்யும். விதிகளில் 'பேஜ்' சேர்த்தால் ஒரே நேரத்தில் பல வீடுகளுக்கு அறிவிப்புச் செய்யலாம்.

பாதுகாப்பு: 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் மும்பையின் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை கொட்டியது. இத்தகைய மழையில் வெள்ளம் புகக்கூடும், ஆகவே இணைப்பகத்தைத் தரைத்தளத்தில் வைக்கக்கூடாது. கம்பிவழியே மின்சாரமும் தரும் ஸ்விட்ச்சுகளுக்கும் இணைப்பகத்துக்கும் யூபிஎஸ் பொருத்தினால், மின்தடையிலும் முதியோர் உதவிக்கு அழைக்க முடியும். கடினமான கடவுச்சொல் கட்டாயம்.