மேடும் மேடையும்: சமவெளியில் வாசிக்கப்பட்ட வேதாகம மலைகள்

தஞ்சையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் பூதலூர். வடக்கே திருக்காட்டுப்பள்ளியும், அதனருகே காவிரியிலிருந்து பிரியும் குடமுருட்டியும், அதையடுத்துப் பூண்டி மாதா பேராலயமும் உள்ளன. மேற்கே சற்றுத் தொலைவில் கல்லணை. இந்த வட்டாரத்து நெல்வயல்களில் 'மேடு' என்ற சொல்லுக்கு உள்ள பொருளை முதலில் நினைவில் கொள்வோம். வாய்க்கால் நீர் ஏறாத இடமே மேடு. ஒரு முழம் உயர்ந்துவிட்டால் அந்த நிலத்தின் மதிப்பு வேறு, பயிர் வேறு, உழைப்பும் வேறு. உயரம் என்பது இங்கே வறட்சியின் மறுபெயர்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் சீனாயையும் சீயோனையும் எர்மோனையும் தமிழில் வாசித்து வருகிறார்கள். தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. 'மலைப்பிரசங்கம்' நம் மொழியில் பழகிய சொல்லாகிவிட்டது. ஆனால் பிறந்தது முதல் மலையேறியே இராத ஒரு மருதநிலத்து வாசகர் அந்த மலைகளை எப்படிக் கற்பனை செய்திருப்பார்? அவருக்காக எழுதிய கவிஞர்கள் என்ன செய்தார்கள்? இதைக் கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

இரு நிலங்களின் வேறுபாட்டைச் சில எண்களே சொல்லிவிடும். எருசலேம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் எரிகோ. அதுவோ கடல்மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே! அந்தச் சிறு தொலைவில் ஆயிரம் மீட்டர் சரிவு. நம் காவிரி கல்லணையிலிருந்து கடலை அடைய நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. ஆனால் இறங்கும் உயரம் நூறு மீட்டர்கூட இல்லை. மோசே நின்று பார்த்த நேபோ மலை ஏறத்தாழ 800 மீட்டர்தான். நீலகிரியை அறிந்தவர்க்கு அது குன்று. ஆனால் அதன் காலடியில் கிடக்கும் சவக்கடலின் நீர்மட்டம் இன்று கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே உள்ளது. நேபோவின் மாட்சி அதன் உயரத்தில் இல்லை, எதிரே உள்ள பள்ளத்தில் இருக்கிறது.

இன்னொன்று நீர். உபாகமத்தின் பதினோராம் அதிகாரம் இரண்டு வேளாண்மைகளை எதிரெதிரே நிறுத்துகிறது. ஒன்று, காலால் நீர் பாய்ச்சும் எகிப்து. மற்றொன்று, மலைகளும் பள்ளத்தாக்குகளும் வானத்து மழையைக் குடிக்கும் கானான். மடையைத் திறந்து, வரப்பைக் காலால் மிதித்து அடைக்கும் தஞ்சை உழவர் இந்த இடத்தை வாசிக்கும்போது தம்மை எங்கே காண்பார்? எகிப்தில்தான்! நம்முடைய டெல்டா, நைல் நாட்டின் உடன்பிறப்பு. வாக்களிக்கப்பட்ட நாடோ மானாவாரி நாடு. எலியாவின் கதையில் வறட்சி கர்மேல் உச்சியில் மேகத்துக்காகக் காத்திருப்பதில் முடிவது ஏன் என்பது, ஆற்றுத்தண்ணீர் வரும் நாளை எண்ணி வாழ்ந்தவர்க்கு உடனே விளங்காது. அது மலையில் பெய்யும் மழையை நம்பிய மக்களின் கதை.

வீரமாமுனிவர் இந்த இடைவெளியை எப்படிக் கடந்தார்? கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியோடு நெருங்கிய தொடர்புடைய இத்தாலியர் அவர். 'தேம்பாவணி'யை 1726இல் முடித்தார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியம் யூதேயாவைப் பாடும் நாட்டுப்படலத்தோடு தொடங்குகிறது. மேகம் கடலில் நீர் மொண்டு மலையில் பொழிய, ஆறு பெருகி வயலில் பாயும் தமிழ்க் காப்பிய மரபுதான் அங்கே யூதேயாவின் வருணனை. கற்கள் நிறைந்த மலைநாட்டைக் காவிரி நாடாக்கிவிட்டார் என்று இதைக் குறைசொல்லும் வழக்கம் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. காப்பியத்தின் நாட்டுப்படலம் என்றைக்கும் நில அளவைக் குறிப்பாக இருந்ததில்லை. கம்பர் சரயுவைக் காணாமலே கோசலத்தைப் பாடினார். மேலும், கடலிலிருந்து வரும் மேகம் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட, கிழக்குச் சரிவு பாலையாவதுதான் யூதேயாவின் உண்மையான நிலைமை. மலையே மழைக்குத் தாய் என்ற மரபுச் செய்தி அங்கே பொய்யாகவில்லை, பாதி மெய்யாகிறது. ஆயினும் மறுபாதியான பாலையை இழந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எடுத்த வழி வேறு. நெல்லைச் சீமையில் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் கல்வி கற்றவர். அங்கே இரண்டாம் சரபோஜியும் அதே ஆசிரியரிடம் பயின்றார். சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' 1800ஆம் ஆண்டை ஒட்டி உருவானது. குறவஞ்சி என்ற வடிவத்தை அவர் தேர்ந்தது நம் பொருளுக்கு மிக முக்கியம். அந்த வடிவத்தில் குறத்தி தன் மலையின் வளம் பாடியே ஆகவேண்டும். குற்றாலக் குறவஞ்சியில் அது உச்சம். மலையே இல்லாத தஞ்சையில் குறத்தி எந்த மலையைப் பாடுவாள்? சாஸ்திரியாரின் குறத்தி வேதாகமத்தின் மலைகளைத் தன் மலைகளாகப் பாடுகிறாள். மரபின் கட்டாயமே வேற்றுநாட்டு மலைகளுக்குத் தமிழ் மேடையில் இடம் வாங்கிக் கொடுத்தது.

சரபோஜி மன்னரின் பெயரால் வழங்கும் மராத்தி நாடகமான 'தேவேந்திரக் குறவஞ்சி'யும் உலகப் பூகோளத்தையே குறத்தியின் வாயால் சொல்கிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். சரசுவதி மகால் அதைப் பதிப்பித்துள்ளது. ஒரே ஆசிரியரிடம் பயின்ற இருவர், ஊர் ஊராய்த் திரியும் குறத்தியே பூகோளம் சொல்லத் தகுந்தவள் என்று கண்டிருக்கிறார்கள்! ஆனால் பெயர்கள் அடுக்கடுக்காக வரும்போது மலை மறைந்து பட்டியல் மிஞ்சும் ஆபத்தும் உண்டு. குற்றாலத்துக் குறத்தியின் மலையில் நமக்குச் சாரல் நனைகிறது. பெத்லகேம் குறத்தியின் மலைகளில் அந்த ஈரம் குறைவு. அவை பள்ளிக்கூடத்து வரைபடத்திலிருந்து வந்தவை. அறிவின் பரப்பில் அவள் வென்றாள், அனுபவத்தில் அல்ல.

இனி, மருதநிலத்தார்க்கு மட்டுமே எளிதாக விளங்கக்கூடிய ஒன்றுக்கு வருவோம். யூதா அரசர்களின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும் குற்றச்சாட்டு, அவர்கள் வழிபாட்டுத் தலங்களான 'பாமா'க்களை அகற்றவில்லை என்பது. எசேக்கியாவும் யோசியாவும் அவற்றை இடித்தவர்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'உயர்ந்த இடங்கள்' என்ற பொருள்படும் தொடரை இட்டார்கள். படிப்பவர் மனத்தில் மலையுச்சியே தோன்றும். தமிழ் வேதாகமம் 'மேடைகள்' என்கிறது. (இன்றைய வாசகருக்கு இச்சொல்லைக் கேட்டால் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் நினைவுக்கு வந்தால் அது நம் காலத்தின் பிழை!) தமிழ்ச்சொல்லே பொருத்தமானது என்பது நம் துணிபு. எர்மோன் மலையடிவாரத்தில் உள்ள தாண் என்னும் ஊரில் 1966 முதல் அவிரகாம் பிரான் நடத்திய அகழாய்வில், செதுக்கிய கற்களால் கட்டிய, பக்கத்துக்கு ஏறத்தாழ 18 மீட்டர் அளவுள்ள சதுர மேடை வெளிப்பட்டது. அது எந்தச் சிகரத்திலும் இல்லை. யோர்தானின் ஊற்றுகளில் ஒன்றுக்கு அருகே, மனிதர் கட்டி எழுப்பிய உயரம் அது.

கட்டி எழுப்பிய உயரத்தைத் தஞ்சை நாடு நன்றாக அறியும். சுவாமிமலை இயற்கை மலையன்று, கட்டுமலை. ஆண்டுகள் அறுபதைக் குறிப்பதாகச் சொல்லப்படும் அறுபது படிகளை ஏறி முருகனைக் காண்கிறோம். கோச்செங்கணான் பெயரோடு வழங்கும் மாடக்கோயில்கள் இந்நாடெங்கும் உள்ளன. 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் விமானம் ஏறத்தாழ 60 மீட்டர். அக்கோயிலின் உலாத்திருமேனியைக் கல்வெட்டு 'தட்சிணமேரு விடங்கர்' என்கிறது. சுற்றிலும் கருங்கல்லே இல்லாத வண்டல் நாட்டில், கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து மேருவை எழுப்பினார்கள். தாண் ஊரின் மேடைக்குப் பின்னால் 2,814 மீட்டர் எர்மோன் பனியோடு நிற்கிறது. அங்கும் மக்கள் மலையில் ஏறாமல், ஊற்றருகே கல்லடுக்கித்தான் வழிபட்டிருக்கிறார்கள்.