கலிவர் படுத்திருக்கும் ஆறு

மக்களே, ஸ்பெயின்னு பாத்ததும் பயணக்கட்டுரைன்னு நெனச்சு வந்திருந்தா ஒரு நிமிஷம். எங்க தங்கினோம், என்ன சாப்ட்டோம், ரயில் டிக்கெட் எவ்வளவு இதெல்லாம் இந்தப் பதிவுல வராது. இது ஒரு சறுக்குமரத்தோட வரலாறு. அந்தச் சறுக்குமரம் 70 மீட்டர் நீளமுள்ள ஒரு ஆள்.

ஸ்பெயினோட கிழக்குக் கடற்கரையில வாலென்சியான்னு ஒரு பெரிய ஊர். அந்த ஊருக்கு நடுவில பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு ஒரு பூங்கா போகுது. பூங்காவோட கிழக்குப் பக்கம், ரெண்டு பாலத்துக்கு நடுவில, கலிவர் மல்லாக்கப் படுத்திருக்கார். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-ல எழுதின அதே கலிவர்தான். கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கி அசந்து தூங்கறப்போ லில்லிபுட் ஆசாமிங்க கயித்தால தரையோட சேத்துக் கட்டிடுவாங்களே, அந்த சீன். அவரோட கோட்டு மடிப்பெல்லாம் சறுக்குமரம். தலைமுடி, சட்டை, கால்சட்டை எல்லாத்துலயும் எங்கயாவது ஒரு படிக்கட்டு, ஒரு சாய்தளம், ஒரு கயிறு இருக்கும். ஏறலாம், சறுக்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அக்கா குடும்பம் பார்சிலோனாவில இருக்கு. ஏப்ரல்ல ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த நேரம் பாத்து அங்க போயிருந்தேன். ரயில் ஏறி மூணு மணி நேரத்துல வாலென்சியா. கூட ரெண்டு வாண்டுங்க, பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு நாலு. பூங்கா வாசல்லயே ரெண்டும் கையை உதறிட்டு ஓடிருச்சு. தரையில நின்னு பாத்தா அது ஒரு ஆளுன்னே தெரியாது. ஏதோ வழவழன்னு குன்று மாதிரி இருக்கும். மேல ஏறி நின்னு பாக்கறப்பதான் "அட, இது கை, அது மூக்கு"ன்னு பிடிபடும். சின்னவன் கடைசி வரைக்கும் அதை மனுஷனா ஒத்துக்கவே இல்ல. அவனுக்கு அது மலை. பெரியவ முட்டி மேல நின்னுக்கிட்டு "மாமா, இவர் எந்திரிச்சா நாம என்ன ஆவோம்?"னு கேட்டா. நியாயமான கவலை.

இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா, உக்காந்து கணக்குப் போட்டேன். ஸ்விஃப்ட் கதையில லில்லிபுட் ஆளுங்க ஆறு இஞ்ச் உயரம், கலிவர் அவங்களை மாதிரி 12 மடங்கு. இங்க படுத்திருக்கறவர் 70 மீட்டர். கலிவர் நம்மள மாதிரி அஞ்சே முக்கால் அடி ஆளுன்னு வெச்சுக்கிட்டா, இவர் சுமார் 40 மடங்கு. அதாவது ஒரு மீட்டர் உயரக் குழந்தை இவர் கண்ணுக்கு ஒரே ஒரு இஞ்ச். நானே ரெண்டு இஞ்ச்சைத் தாண்ட மாட்டேன். லில்லிபுட்டை விட நாம சின்னவங்க! அப்பாக்கள் எல்லாம் குழந்தை சாக்குல தாங்களும் சறுக்கிட்டு இருந்ததுக்கு இந்தக் கணக்குதான் காரணம்னு நான் நம்பறேன் :-)

இதைக் கட்டினது மூணு பேர். ரஃபேல் ரிவேரா கட்டடக் கலைஞர். சென்டோ படக்கதை ஓவியர். மூணாவது ஆள் மனோலோ மார்ட்டின், அவர்தான் இதுல சுவாரஸ்யமான ஆளு. அவர் 'ஃபாயாஸ்' கலைஞர். வாலென்சியாவில ஒவ்வொரு மார்ச் மாசமும் ஃபாயாஸ் திருவிழா. தெருவுக்குத் தெரு மாடி உயரத்துக்கு பொம்மை செய்வாங்க, பாதி அரசியல் நக்கல், பாதி அழகு. மாசக்கணக்கா செஞ்ச அத்தனையையும் மார்ச் 19 ராத்திரி தீ வெச்சுக் கொளுத்திடுவாங்க. நம்ம ஊர் சொக்கப்பனை தெருவுக்கு ஒண்ணு, அதுவும் ஒவ்வொண்ணும் சிற்பம்னு நெனச்சுக்கங்க. இந்தத் திருவிழா 2016-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேந்தது.

அப்படி, கொளுத்தறதுக்குன்னே ராட்சச பொம்மை செய்யற ஊர். அந்தக் கைத்தொழிலை வெச்சு, கொளுத்தாத ஒரு பொம்மையைப் பசங்க மிதிக்கறதுக்காகச் செஞ்சாங்க. 1990 டிசம்பர்ல திறந்தாங்க. கடையில வாங்கற ரெடிமேட் ஊஞ்சல், சறுக்குமரம் செட்டை எந்த ஊர்லயும் இறக்கி வெச்சுடலாம். கலிவரை அப்படிச் செய்ய முடியாது. அவரைச் செய்யற கை அந்த ஊர்லதான் இருந்தது.

சரி, மேட்டருக்கு வருவோம். மூணு மணி நேரம் ஆட்டம் போட்டு களைச்சுப் போய் ஐஸ்கிரீம் சாப்ட்டுட்டே நடக்கறப்போ பெரியவ கேட்டா: "மாமா, இவ்வளோ பாலம் இருக்கே, ஆறு எங்க?"

அது சரியான கேள்வி. பூங்கா நெடுக தலைக்கு மேல பாலம் பாலமா வருது. சிலது 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல் பாலம். அடியில புல்லும் சைக்கிள் பாதையும்தான், பேருக்குக்கூட ஆறு இல்ல. ஏன்னா நாம நடந்துட்டு இருக்கறதே ஆறுதான். துரியா ஆத்தோட பழைய படுகை.

துரியா சாதாரண நாள்ல ரொம்ப சாது. ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே எட்டு வாய்க்கால்ல தண்ணியைப் பிரிச்சு வயலுக்கு எடுத்துப்பாங்க. (தண்ணித் தகராறுன்னு வந்தா விசாரிக்க விவசாயிங்களே நடத்தற ஒரு கோர்ட் இருக்கு. வியாழக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு கதீட்ரல் வாசல்ல உக்காருவாங்க, எல்லாம் வாய்மொழிதான். அதுக்குத் தனிப் பதிவே போடலாம்.) கோபம் வந்தா மட்டும் ஆளு வேற. 1957 அக்டோபர் 14, மேல்பகுதியில கொட்டின மழை ரெண்டு அலையா ஊருக்குள்ள வந்தது. விடியக்காலை ஒண்ணு, மத்தியானம் அதை விடப் பெருசா இன்னொண்ணு. முதல் அலை வடிஞ்சதும் முடிஞ்சதுன்னு நெனச்சவங்களை ரெண்டாவது பிடிச்சது. அரசாங்கக் கணக்குப்படி குறைஞ்சது 81 பேர் இறந்தாங்க. அந்தக் கணக்கை முழுசா நம்பாதவங்க அந்த ஊர்ல நிறைய.

அப்போ ஃபிராங்கோவோட சர்வாதிகாரம். மாட்ரிட்ல இருந்து உதவி வரத் தாமதமாச்சு. மேயர் தோமாஸ் திரேனோர் வாயைத் திறந்து கேட்டார். அவரும் ஃபிராங்கோ ஆட்சி நியமிச்ச ஆள்தான், ஆனாலும் 1958-ல பதவி போச்சு. 'லாஸ் ப்ரோவின்சியாஸ்' பத்திரிகை ஆசிரியர் மார்ட்டின் டொமிங்கெஸுக்கும் அதே கதி.

கடைசியில வந்த தீர்வுக்குப் பேரு 'பிளான் சுர்', தெற்குத் திட்டம். ஆத்தையே ஊருக்குத் தெக்கால நகத்திடறது! சுமார் 12 கிலோமீட்டருக்கு புதுசா ஒரு கால்வாய், செகண்டுக்கு 5,000 கன மீட்டர் தண்ணி போற மாதிரி. 1969-ல ஃபிராங்கோ வந்து திறந்து வெச்சார். மிச்ச வேலை எழுபதுகள்லயும் இழுத்தது. கால்வாய்க்காக விவசாயிங்க நிலம் போச்சு. செலவுல ஒரு பங்கை வாலென்சியா ஜனங்க தபால் தலை மூலமா கட்டினாங்க. ஊர்ல இருந்து போற கடிதத்துக்கு வழக்கமான ஸ்டாம்ப் போக, பிளான் சுர்னு அச்சடிச்ச 25 சென்டிமோ ஸ்டாம்ப் ஒண்ணு கட்டாயம் ஒட்டணும். 1963-ல ஆரம்பிச்சது 1985 வரைக்கும் போச்சு. காதல் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாத்துக்கும் வெள்ள வரி. எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் மறக்காதது அந்த ஸ்டாம்ப்தான்.

ஆறு போயிடுச்சு, காலிப் படுகை ஊர் நடுவில கெடக்கு. திட்டம் போடறவங்களுக்கு காலியிடத்தைப் பாத்தா கை அரிக்கும் இல்லையா? அறுபதுகள்ல வந்த திட்டப்படி, மாட்ரிட் பக்கமிருந்து வர்ற நெடுஞ்சாலையை அந்தப் படுகை வழியாவே துறைமுகத்துக்குக் கொண்டு போறதா ஏற்பாடு. கலிவர் படுத்திருக்கற இடத்துல லாரி போயிருக்கணும்.

ஜனங்க விடல. எழுபதுகள்ல, ஃபிராங்கோவோட கடைசி வருஷங்கள்ல, தெருத்தெருவா ஒரு கோஷம் கெளம்பிச்சு. அர்த்தம் இதான்: துரியாவின் படுகை நம்முது, அது நமக்குப் பச்சையா வேணும். கோஷம் வாலென்சிய மொழியில இருந்தது, அந்த ஆட்சியில அரசாங்க விஷயம் எதுக்கும் இடமில்லாத மொழி. 1975 நவம்பர்ல ஃபிராங்கோ செத்தார். 1976 டிசம்பர்ல மன்னர் ஹுவான் கார்லோஸ் படுகையை ஊருக்கே கொடுத்தார். 1982-ல ரிக்கார்டோ போஃபில் பூங்காவுக்கு வரைபடம் போட, துண்டு துண்டா வேலை ஆரம்பிச்சது. 1987-ல கரையோரமா இசை அரங்கம் வந்தது, 1990-ல கலிவர்.

கலிவருக்குக் கீழ்த்திசையில, நடக்கற தூரத்துல, கலட்ராவா கட்டின கலை அறிவியல் நகரம் இருக்கு. 1998-ல இருந்து ஒவ்வொண்ணா திறந்தாங்க. போஸ்ட்கார்டுல வர்ற வெள்ளை வெளேர்னு கட்டடங்கள் அதுதான். ஆன செலவைப் பத்தி அந்த ஊர்ல பேச்சு ஓஞ்சபாடில்லை. நம்ம வாண்டுங்க அதை ஏறெடுத்தும் பாக்கலை, திரும்ப கலிவர்கிட்ட போலாம்னு ஒரே அழுகை. வாண்டுங்க கட்சிதான் நானும். அது பாக்கறதுக்கு, இது ஏறி மிதிக்கறதுக்கு. ஒரே குறை, ஏப்ரல் வெயிலுக்கே சறுக்கு சுடுது. ஆகஸ்ட்ல குட்டி டிரவுசர் போட்ட பசங்க கதி அதோகதி.

இவ்வளோதான்னா இது ஒரு சந்தோஷமான பதிவா முடிஞ்சிருக்கும். 2024 அக்டோபர் 29-ஐ சொல்லாம இந்தக் கதையை எழுத எனக்கு மனசு வரல.

அன்னிக்கு வாலென்சியா மாகாணத்துல மறுபடி வெள்ளம். 220 பேருக்கு மேல இறந்தாங்க. பிளான் சுர் கால்வாய் தன் வேலையைச் செஞ்சது. கரை நிறைஞ்சு ஓடி துரியா தண்ணியை கடல்ல சேத்தது. பழைய படுகையில, கலிவர் பக்கம், வெள்ளம் வரல. ஊரோட மையம் தப்பிச்சது. ஆனா கால்வாய்க்குத் தெக்கால இருக்கற பைபோர்தா, கத்தரோஹா, அல்ஃபஃபார் மாதிரி ஊர்களை போயோங்கற ஓடை அடிச்சுட்டுப் போச்சு. அது துரியாவோட கிளை இல்ல. மழை பெஞ்சா மட்டும் ஓடி அல்புஃபேரா ஏரியில சேர்ற தனி ஓடை. பிளான் சுர் துரியாவுக்கு மட்டும் போட்ட திட்டம், போயோவுக்கு அதுல பதில் கிடையாது. வாலென்சியா மாநகராட்சிக்குள்ளயே இருக்கற லா தோர்ரேங்கற பகுதியும் மூழ்கிச்சு. கால்வாயோட தெக்குக் கரையில இருந்ததுதான் காரணம். ஒரே ஊர், ஒரே மேயர், நடுவில கால்வாய். செல்போன்ல எச்சரிக்கை வந்தது ராத்திரி 8 மணி 11 நிமிஷத்துக்கு. அதுக்குள்ள பல வீட்டுல தண்ணி வந்தாச்சு.

லா தோர்ரேயையும் நகரத்தையும் சேக்கறதுக்கு அந்தக் கால்வாய் மேல ஒரு நடைபாலம் இருக்கு. வெள்ளத்துக்கு அடுத்த நாட்கள்ல நகரத்து ஜனங்க ஆயிரக்கணக்குல, யாரும் கூப்பிடாம, மண்வெட்டி, துடைப்பம், தண்ணி பாட்டிலோட அந்தப் பாலத்து மேல தெக்கு நோக்கி நடந்தாங்க. நிறைய பேர் கல்லூரி வயசுப் பசங்க. சாயங்காலம் முட்டி வரைக்கும் சேறோட திரும்பி வந்தாங்க. சின்ன வயசுல அவங்கள்ல பாதிப் பேராவது கலிவர் மேல சறுக்கியிருப்பாங்க.