நெல்லளந்து வளர்த்த கல்வி

நாமக்கல்லில் வாழ்வோர்க்கு நரசிங்கப் பெருமாள் அயலவர் அல்லர். 8ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் மலையைக் குடைந்து சமைத்த குகைக்கோயிலில் அவர் வீற்றிருக்கிறார். அப்பெருமாளுக்குரிய மற்றொரு கோயில் ஒரு காலத்தில் கல்லூரி ஒன்றைப் புரந்தது என அறிந்தபோது, அதனைக் காணும் அவா எனக்கு உண்டாயிற்று. சேலம் வழியாகக் கிழக்கே சென்று, விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்னும் சிற்றூரை அடைந்தேன்.

இன்று அங்கே ஓதும் ஒலி இல்லை. ஆயினும், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அக்கல்லூரியை நம் கண்முன் நிறுத்துகிறது. இளமாணவர் 270 பேர். முதுமாணவர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இளையோருள் 75 பேர் இருக்கு வேதமும், 75 பேர் யசுர் வேதமும், 40 பேர் ரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கணமும் பயின்றனர். எஞ்சியோர் பிற வேதங்களும் சூத்திரங்களும் கற்றனர். முதியோருள் 25 பேர் வியாகரணமும், 35 பேர் மீமாஞ்சையும், 10 பேர் வேதாந்தமும் ஆராய்ந்தனர்.

இளையோர்க்கு நாள்தோறும் 6 நாழி நெல்; மூத்தோர்க்கு 10 நாழி. கணக்கிட்டுப் பாருங்கள்: மாணவர்க்கு மட்டும் நாளொன்றுக்கு 2,320 நாழி, அதாவது 24 கலத்துக்கு மேல்! இச்செலவுக்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

சீன நாட்டிலும் கோயிலும் கல்வியும் இணைந்தே நின்றன. பெய்ஜிங் நகரில் 1302இல் கன்பூசியசுக்குக் கோயில் எழுந்தது. 1306இல் அதன் அருகே அரசுக் கல்விக்கழகம் தோன்றியது. பேரரசின் உயர்தேர்வில் வென்ற 51,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அக்கோயில் முற்றத்துக் கற்களில் உள்ளன. அங்குள்ள கல் வென்றவர் பெயரைப் பேசுகிறது. எண்ணாயிரத்துக் கல்லோ பயில்வோர்க்கு அளந்த நெல்லைப் பேசுகிறது. பசித்த வயிற்றோடு கல்வி நில்லாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

எனினும், ஒன்றை மறைத்தல் வரலாறாகாது. அந்நெல்லை விளைத்த உழவரின் மக்களுக்கு அக்கல்லூரியில் இடமில்லை. வேதம் ஓதும் உரிமையுடைய சிலர்க்கே அது திறந்திருந்தது. ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கியபோதுதான், அந்த அளவைநாழி ஏழை எளியோர் மக்களை நோக்கித் திரும்பியது.

மாணவ நண்பர்களே! பழங்கோயிலுக்குச் சென்றால் சிற்பத்தோடு நின்றுவிடாதீர்கள். சுவரிலுள்ள எழுத்துகளையும் நோக்குங்கள். யாருக்கு அளந்தனர், யாரை விடுத்தனர் என்று அவற்றைக் கேளுங்கள். அக்கேள்வியே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம்.